பின்வாசல் வழியே வந்த பெருமை

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மலரில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிட்டிப்புள் ஆடாமல் வளர்ந்த தமிழர் அபூர்வம். தென்னை மட்டையையே கிரிக்கெட் மட்டையாக்கிக் கொள்ளாத பையன் இல்லை. ஆனால் கோல்ப் மட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மைதானத்து மதில் சுவரைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி.

ஆனாலும் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. மற்ற ஆட்டங்கள் நேரத்தைத் தின்னும். கோல்ப் நிலத்தையும் சேர்த்துத் தின்னும். 18 குழிகள் கொண்ட முழு மைதானத்துக்குச் சுமார் 100 முதல் 150 ஏக்கர் வரை வேண்டும். ஒரு குழிக்கு நான்கு பேர் வீதம் மைதானம் நிறைய ஆடினாலும், ஒரே சமயத்தில் 72 பேருக்குத்தான் அங்கே இடம். ஒரு சிற்றூரின் நஞ்சை முழுவதும் அடங்கிவிடக் கூடிய பரப்பில் 72 பேர்! அந்த நிலம் பெரிய நகரத்தின் நடுவில் இருந்து, அதுவும் சர்க்கார் குத்தகை நிலமாக இருந்துவிட்டால், ஆடத் தெரியாதவர்களுக்கும் அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

கோல்ப் கிளப்புகள் தங்கள் வளர்ச்சியைச் சொல்லிக் கொள்ளும்போது மூன்று கணக்குகளைக் காட்டுவது வழக்கம். இத்தனை ஏக்கர், இத்தனை கோப்பைகள், இத்தனை பிரமுகர்கள் தலைமை வகித்தார்கள் என்பவை அவை. நமக்கு வேண்டியது நான்காவது கணக்கு ஒன்று. அந்தக் கிளப்பின் கதவு எத்தனை பேருக்குத் திறந்தது என்பதே அது. இந்தியாவின் மிகப் பழைய கோல்ப் கிளப்பை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அது கல்கத்தாவில், இன்றைய கொல்கத்தாவில், இருக்கிறது.

அரசன் தடுத்த ஆட்டம்

கல்கத்தாவுக்குப் போகுமுன் ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். கோல்பின் தாய்வீடு அது. இன்று இது கனவான்களின் ஆட்டம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், கோல்ப் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஊர் வாலிபர்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டு திரிகிறார்கள். இங்கிலாந்துக்காரன் படையெடுத்து வந்தால் யார் சண்டை போடுவது என்பது மன்னரின் கவலை. ஊரில் நாலு பேர் மட்டும் ஆடுகிற ஆட்டத்துக்குச் சட்டம் போட்டுத் தடை விதிப்பார்களா? எல்லோரும் ஆடியதால்தான் தடையே வந்தது. தடை நிற்கவும் இல்லை. அதே வம்சத்து நான்காம் ஜேம்ஸ் 1502இல் தாமே காசு கொடுத்துக் கோல்ப் மட்டைகள் வாங்கினார்!

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் ஆடப்பட்ட நிலம் மணல்மேடு. பயிருக்கு உதவாத பொது நிலம். அங்கே ஆட்டம் ஆட ஊர் ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று 1552இல் பேராயர் ஹாமில்டன் சாசனம் எழுதிக் கொடுத்தார். 1754இல் 22 கனவான்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அதுதான் பின்னாளில் ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ என்ற உலகப் புகழ் பெற்ற கிளப் ஆயிற்று. ஒரு சுற்றுக்கு 18 குழி என்ற வழக்கமும் 1764இல் அந்த ஊரில்தான் பிறந்தது.

இங்கே ஒரு முக்கியமான விவரம் உண்டு. கிளப் கட்டடம் கனவான்களுடையது. எதிரே விரிந்து கிடக்கும் புகழ் பெற்ற பழைய மைதானம் அவர்களுடையதல்ல. அது ஊருடைய சொத்து. 1974 முதல் ஒரு பொது அறக்கட்டளை அதை நிர்வகித்து வருகிறது. அங்கத்தினர் அல்லாதவர்களும் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்து, கட்டணம் கட்டி ஆடலாம். உலகத்துச் சாம்பியன்கள் ஆடும் அந்தப் புல்வெளியில், பெரிய பந்தயங்கள் நடக்கும் சில நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது. அன்று அது ஊர்ப் பூங்கா. பாட்டிமார்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். குழந்தைகள் ஓடுகிறார்கள். இதனால் புல் கெட்டுவிட்டதாகவோ கோல்பின் கௌரவம் குறைந்துவிட்டதாகவோ எவரும் சொன்னதில்லை.

ஆட்டம் பெருகியதற்கும் ஒரு பொதுக் காரணம் இருந்தது. பழைய நாளில் தோல் பைக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்த பந்துதான் உண்டு. கைதேர்ந்தவர் ஒருவர் நாளைக்கு மூன்று நான்கு பந்து தைத்தாலே அதிகம். விலை ஏழைக்கு எட்டாது. 1848 வாக்கில் மலேயாப் பக்கத்து மரத்துப் பாலில் உருட்டிய ‘கட்டாபெர்ச்சா’ பந்து வந்தது. விலை சரிந்தது, சாதாரணமானவர்களும் ஆட வந்தார்கள், கிளப்புகள் பெருகின. ஆட்டம் வளர்ந்தது விலை இறங்கிய பிறகுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே அது நமக்கு உதவும்.

டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை

கல்கத்தா கிளப் பிறந்தது 1829இல். இடம் டம்டம். கும்பினியாரின் பீரங்கிப் படை தங்கியிருந்த இடம் அது. பின்னாளில் ‘டம்டம் தோட்டா’வுக்குப் பெயர் கொடுத்த ஊரும் அதுதான், இன்று அங்கே விமான நிலையம் இருக்கிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கிளப்புகளில் இதுவே மிகப் பழையது. அமெரிக்காவில் இன்றும் நிலைத்து நிற்கும் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்றான யாங்கர்ஸ் நகரத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் 1888இல்தான் தொடங்கியது. அந்த வகையில் கல்கத்தா அதற்கு 59 ஆண்டுகள் மூத்தது.

எப்படி இத்தனை சீக்கிரம் கல்கத்தாவுக்கு வந்தது? கல்கத்தாவில் வியாபாரம் செய்த துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். பின்னாளில் வங்காளத்துச் சணல் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த ஆலை நகரம் டண்டீ. அந்த டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. சணல் அங்கே போயிற்று; ஆட்கள் இங்கே வந்தார்கள்; வரும்போது மட்டையையும் கட்டி எடுத்து வந்தார்கள். இப்படி வாணிபத்தின் பின்னால் வந்ததுதான் இந்த விளையாட்டு.

கிளப் டம்டமிலிருந்து நகர மைதானத்துக்கு வந்தது. 1891இல் அந்த மைதானத்திலேயே பெண்களுக்கென்று தனிக் கோல்ப் கிளப் ஒன்றும் ஏற்பட்டது. 1892இல் இந்திய அமெச்சூர் சாம்பியன் பந்தயம் தொடங்கியது. அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயம் 1895இல்தான் வந்தது. நம் நாட்டுப் பந்தயம் அதற்கு மூன்று ஆண்டுகள் மூத்தது.

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்தார். டில்லி தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். அதே விஜயத்தை ஒட்டிக் கோல்ப் கிளப்புக்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. ஊருக்கு இருந்த பட்டம் போயிற்று. கிளப்புக்கு இல்லாத பட்டம் வந்தது. கல்கத்தாவாசிகள் எதை நினைத்துச் சந்தோஷப்பட்டார்களோ தெரியவில்லை!

நகரின் தெற்கே டாலிகஞ்சில் கிளப்புக்கு நிலையான இடம் அமைந்தது. அந்த வட்டாரத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கும்பினியார் கல்கத்தாவுக்கு அனுப்பிக் குடியமர்த்திய பகுதி அதுதான். தாழ்வான நிலம் ஆனதால், குளங்கள் தோண்டி அந்த மண்ணைக் கொண்டு ஆடுதளத்தை உயர்த்தினார்கள். அந்தக் குளங்களே இன்று ஆட்டக்காரர்களின் பந்தை விழுங்கிச் சோதிக்கின்றன.

இதுவரை சொன்னது மூன்று கணக்குகள்: ஏக்கர், கோப்பை, பட்டம். மூன்றிலும் கல்கத்தாவுக்கு முதல் மார்க் போடலாம். நான்காவது கணக்குக்கு வருவோம்.

கேடி என்ற உத்தியோகம்

நெடுங்காலம் இத்தகைய கிளப்புகளில் இந்தியருக்கு அங்கத்தினர் உரிமை கிடையாது. சந்தா கட்ட வசதியுள்ள ஜமீன்தாரானாலும் சரி, ஐகோர்ட் வக்கீலானாலும் சரி, முன்வாசலில் அனுமதியில்லை. ஆனால் இந்தியர் இல்லாமல் ஒரு நாளும் மைதானம் நடந்ததில்லை. புல் வெட்டியவர், தண்ணீர் பாய்ச்சியவர், குழி தோண்டியவர், கொடி நட்டவர், சோடா உடைத்தவர் எல்லாம் நம்மவர்தான். அவர்கள் வந்த வாசல் பின்வாசல்.

அவர்களில் ஒரு சாராருக்குப் பெயரே வேடிக்கையானது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயர் தமிழ்க் காதில் ‘கேடி’ என்று விழும். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் படம் ஒட்டியிருக்கும் ஆசாமி. ‘என் பையன் கேடியாக இருக்கிறான்’ என்று ஒரு தகப்பன் பெருமையோடு சொன்னால், கேட்டவர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக் கொள்வார்கள்! கோல்ப் மைதானத்துக் கேடியோ எதிர்மாறு. அடுத்தவர் பந்தைத் தொலையாமல் காப்பதே அவர் பிழைப்பு. அவரோடு இன்னொருவர் முன்னால் ஓடி, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து நிற்பார். அவருக்கு வட நாட்டில் ‘ஆகேவாலா’, முன்னால் போகிறவர், என்று பெயர்.

இந்த உத்தியோகத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். துரை ஒரு அடி அடிப்பார். காற்று எந்தப் பக்கம், புல்லின் சாய்வு எப்படி, எந்த மட்டை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கேடிக்கு அத்துபடி. தினம் தினம் அதே மண்ணில் பல மைல் நடக்கிறவர் அவர். துரை வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மைதானத்தை அறிந்தவர் யார், அதில் ஆட உரிமை பெற்றவர் யார் என்று கேட்டால், விடைகள் இரண்டும் வேறு வேறு.

1947இல் நாடு விடுதலை அடைந்தது. வங்காளம் இரண்டாகப் பிளந்தது. கிழக்கிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். டாலிகஞ்ச், ஜாதவ்பூர் வட்டாரங்களில் அகதிகள் மூங்கிலும் தகரமும் கொண்டு குடியிருப்புகள் எழுப்பினார்கள். மதிலுக்கு ஒரு பக்கம் ஓர் அறையில் ஒரு குடும்பம்; மறுபக்கம் விரிந்த புல்வெளி. கிளப்பை ஆண்ட துரைமார்கள் மெல்ல மெல்லக் கப்பலேறினார்கள். நாற்காலிகளில் நம்மவர்கள் அமர்ந்தார்கள். அது ஒரு மாறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தவர் நிறம் மாறியதே தவிர, வாசல் இரண்டாக இருந்த ஏற்பாடு மாறியதா?

தோட்டக்காரர் மகன்

இந்திய ஓப்பன் என்ற பெரிய பந்தயம் 1964இல் தொடங்கியது. முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் தட்டிச் சென்றார். அடுத்த ஆண்டே, 1965இல், ராயல் கல்கத்தா மைதானத்தில், தொழில்முறை ஆட்டக்காரர்களை எல்லாம் பின்தள்ளி, பில்லூ சேத்தி என்ற அமெச்சூர் வென்றார். முதல் இந்திய வெற்றி அது. பிறகு இரண்டாவது இந்தியர் வெல்ல 26 ஆண்டுகள் பிடித்தன. 1991இல் வென்றவர் அலி ஷேர். டில்லி மைதானத்தில் பை சுமந்த கேடி அவர்! 1993இல் மறுபடியும் வென்று காட்டினார்.

ராயல் கல்கத்தாவின் பின்வாசலும் சும்மா இருக்கவில்லை. அங்கே புல் பராமரித்த தோட்டக்காரரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அந்த மைதானத்து மண்ணிலேயே, வாய்த்த மட்டையைக் கொண்டு, பார்த்துப் பார்த்துப் பழகிய பையன். 1997இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 2008இல் டில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தை வென்றார். ஐரோப்பியச் சுற்றைச் சேர்ந்த பந்தயம் அது. 2011இல் மீண்டும் ஒரு ஐரோப்பியச் சுற்று வெற்றி. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து இந்திய ஓப்பன் பட்டம். கோல்ப் 112 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பிய 2016இல், ரியோ நகரில் இந்தியாவின் சார்பில் ஆடிய இரண்டு ஆண்களில் அவரும் ஒருவர்.

முன்வாசல்காரர்கள் சாதிக்கவில்லை என்று சொல்லவில்லை. கல்கத்தாவில் ஆடிப் பழகிய அர்ஜுன் அட்வால் 2010இல் அமெரிக்கச் சுற்றில் வென்ற முதல் இந்தியர் ஆனார். கிளப்புக்கு அதுவும் பெருமைதான். நான் சொல்வது இதுதான்: பயிற்சியாளர் வைத்து, அயல்நாட்டு மட்டை வாங்கி, வேண்டிய நேரம் ஆடக் கூடியவர்கள் பல தலைமுறையாக அங்கத்தினராக இருந்தார்கள். தோட்டக்காரர் மகனுக்குக் கிடைத்ததோ, யாரும் ஆடாத வேளையில் கொஞ்சம் புல், கொஞ்சம் அனுமதி. அந்தக் கொஞ்சத்திலேயே ஒரு ஐரோப்பியச் சாம்பியன் கிளம்பினார் என்றால், முழுவதும் திறந்துவிட்டிருந்தால் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்? திறமை மைதானத்துக்குள் நூறு ஆண்டுகளாகப் பை சுமந்துகொண்டு நடந்திருக்கிறது. நாம் அதைக் கூப்பிட்டுக் கையில் மட்டை கொடுக்கவில்லை.

பெங்களூரிலிருந்து இன்னோர் உதாரணம் சொல்லலாம். அதிதி அசோக்கின் தாய் தந்தை இருவரும் கோல்ப் ஆடியவர்கள் அல்லர். ஐந்து வயதில், உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துப் பயிற்சி மைதானத்தைப் பார்த்துவிட்டுப் ‘போகலாம்’ என்றாளாம் சிறுமி. போக முடிந்தது, அதுதான் விசேஷம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஒரே ஓர் அடியில் பதக்கம் தவறி நான்காவதாக வந்தார். கோல்ப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட அன்று காலை டெலிவிஷனை வைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்தார்கள். பார்வைக்குப் படாத மதிலும் தாழிட்ட கதவும் இருந்திருந்தால் அந்தக் காலைப் பொழுது நமக்கு வாய்த்திருக்குமா?

கிண்டியின் பாடம்

கல்கத்தாவின் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. சென்னையில் ஜிம்கானா கிளப் 1884இல் ஏற்பட்டது. அதன் கோல்ப் ஆடுதளம் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயே அமைந்தது. மலைப் பக்கம் போனால், கொடைக்கானலில் 1895 முதல் கோல்ப் கிளப் உண்டு.

கிண்டி நிலத்தின் கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 160 ஏக்கர் 86 சென்ட் சர்க்கார் நிலம், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தயக் கிளப்புக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 பைசா. வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு வருஷத்துக்கு 4 ரூபாய்கூட வரவில்லை. கிண்டியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சர்க்கார் வாடகையை உயர்த்தியது, வழக்கு நடந்தது. பாக்கியாகக் கணக்கிட்ட 730 கோடியே 86 லட்சம் ரூபாயைச் செலுத்தும்படி 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்து நிலத்தைக் கைக்கொள்ள முற்பட்டது. கிளப்புகள் மறுபடி நீதிமன்றப் படி ஏறின. வேளச்சேரி வெள்ளத்தைத் தாங்குவதற்கென்று பந்தய மைதானத்தில் குளங்கள் வெட்டப்பட்டன. டாலிகஞ்சில் ஆட்டத்துக்காகக் குளம் வெட்டினார்கள்; கிண்டியில் ஊருக்காக வெட்டினார்கள். காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள்.

இதில் கிளப்புகளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ‘நாங்கள் காத்திராவிட்டால் இந்த நிலம் இன்று பச்சையாக இருந்திருக்காது, மாடி வீடுகள் முளைத்திருக்கும்’ என்கிறார்கள். உண்மைதான். ஏரிகளையே பட்டா போட்டு விற்ற ஊர் நம் ஊர். டாலிகஞ்சில் நரிகளும் பறவைகளும் இன்னும் குடியிருக்கின்றன என்றால் அது மதிலின் புண்ணியம். மழை பெய்தால் நீர் இறங்க மண் மிச்சமிருக்கிறது என்றால் அதற்கும் அந்தப் புல்வெளி காரணம். ஆகவே, பணக்காரர் ஆட்டம் ஒழிக என்று சொல்லி மைதானத்தை உழுதுவிட வேண்டும் என்பது என் கட்சியல்ல. அப்படிச் செய்தால் நாளைக்கு அங்கே ஏழை ஆடமாட்டான். கான்டிராக்டர்தான் கட்டடம் எழுப்புவார்.

அதே சமயம், கிளப்பிடமிருந்து வாங்கிய நிலத்தைச் சர்க்கார் தன் மதிலுக்குள் அடைத்து வைத்தாலும் பயனில்லை. பூட்டு கைமாறினால் போதாது. கதவு திறக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். நான்கு காரியம் செய்தால் போதும்.

முதலாவது, சர்க்கார் நிலத்தில் இருக்கும் எந்தக் கோல்ப் மைதானமும் வாரத்தில் ஒரு நாள் ஊர் ஜனங்கள் நடப்பதற்குத் திறந்திருக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஞாயிற்றுக்கிழமை நடப்பது இங்கேயும் நடக்கட்டும். கோல்பின் தாய்வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுவதில் எந்தக் கிளப்புக்கும் கௌரவக் குறைவு வராது. நம்மவர்கள் கடலைத் தோலைப் போட்டுக் குப்பையாக்கிவிடுவார்கள் என்பார்கள். குப்பைத் தொட்டி வைத்து, காவலுக்கு ஆள் போட்டு, நுழைவுச் சீட்டில் அந்தச் செலவை ஈடுகட்டலாம். மதில் ஒன்றுதான் வழி என்பதில்லை.

இரண்டாவது, அங்கத்தினர் அல்லாதவரும் நாள் கட்டணம் செலுத்தி ஆட வழி வேண்டும். டில்லியில் வளர்ச்சி அதிகார சபை நடத்தும் குதுப் மைதானம் 2000ஆம் ஆண்டில் இந்த முறையில் தொடங்கப்பட்டது. தலைநகரில் முடிந்தது மற்ற நகரங்களில் முடியாதா? பந்து விலை இறங்கியதும் ஸ்காட்லாந்தில் ஆட்டம் பரவியதே. நுழைவு விலை இறங்கினால் இங்கேயும் பரவும்.

மூன்றாவது, மைதானத்தில் உழைப்பவர்களின் பிள்ளைகள் ஆடுவது எவருடைய தயவாகவும் இருக்கக் கூடாது. இத்தனை மணி நேரம், இத்தனை குழி, இத்தனை மட்டை என்று கிளப்பின் விதிப் புத்தகத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கேடிகளுக்கு நிச்சயமான கூலியும், வெயிலிலும் இடியிலும் நிற்பவர்களுக்கு இன்ஷூரன்ஸும் அதே புத்தகத்தில் இடம்பெற வேண்டும். ஆண்டு விழாவில் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதைவிட இது மேல்.

நான்காவது, வாடகை. பொது நிலத்துக்குச் சந்தை நிலவரப்படி வாடகை கொடுக்கட்டும். அல்லது, பொது ஜனங்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறார்களோ அவ்வளவு வாடகையைச் சர்க்கார் குறைத்துக்கொள்ளட்டும். கதவை மூடிக்கொள்வதும் குறைந்த வாடகையும் சேர்ந்து போக முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளட்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும் என்று கிளப்புக்காரர்கள் சொல்லக்கூடும். ஆகட்டும். 1754இல் தோன்றிய ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ கிளப், பெண்களை அங்கத்தினராகச் சேர்ப்பது என்று 2014இல்தான் தீர்மானித்தது. 260 ஆண்டுகள்! அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு வானம் இடிந்து விழவில்லை, மட்டை உடையவில்லை, பந்து வழக்கம்போல் குழியில்தான் விழுகிறது. இத்தனை ஆண்டுகள் எதற்கு அஞ்சினோம் என்று அவர்களே வியந்திருப்பார்கள்.

ராயல் கல்கத்தா 2029இல் இருநூறாவது ஆண்டை எட்டும். விழா எடுப்பார்கள்; மலர் வெளியிடுவார்கள்; பழைய கோப்பைகளுக்கு மெருகு போடுவார்கள். எடுக்கட்டும், வேண்டியதுதான். நம் நாட்டுக் கிளப்புகள் எல்லாமே அந்தச் சமயத்தில் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும். ஏக்கரை யாரும் அளக்கலாம். கோப்பையை யாரும் எண்ணலாம். பின்வாசல் வழியே வந்த எத்தனை பிள்ளைகள் முன்வாசல் வழியே நிமிர்ந்து நடந்து போகிறார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும். அந்த எண்ணிக்கை ஏறினால், கிளப் வளர்ந்தது என்று நாமும் கை தட்டலாம்.